வானொலிக்கு ஒரு கதவு

எங்கள் வீட்டில் வானொலிக்குக் கதவு இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத்தான் அப்படிச் சொல்வோம். செய்தி முடிந்து விளம்பரம் தொடங்கியதும், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாலும் சரி, "கடைக்காரன் வந்திட்டான், கதவைச் சாத்து" என்பார். பக்கத்தில் இருப்பவர் எழுந்து குமிழை இடப்பக்கம் திருப்ப வேண்டும். மறுபடி செய்தியோ நாடகமோ தொடங்கியிருக்கும் என்று தோன்றும்போது மெல்லத் திறந்து பார்ப்போம்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் வரிசையாக இருந்த சிறு வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. அப்பா, அம்மா, நான், தங்கச்சி. அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவர். காலையில் நடந்தே போய்விடுவார். தமிழில் "அக்கா, உங்கட நிறத்துக்கு இதுதான் எடுப்பு" என்றும், சிங்களத்தில் அதையே நோனா என்று கூப்பிட்டுச் சிங்களப் பெண்களுக்கும் நாள் முழுவதும் சொல்லிவிட்டு, இரவானதும் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார்.

சோதனைச் சாவடியில் மறித்து வைத்த நாட்களில் இன்னும் பிந்தும். அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு ஒழுங்கை முகப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் விளம்பரத்தைக் கேட்கக் கூடாது என்று ஒருமுறை தங்கச்சி கேட்டாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற பாட்டு அவளுக்கு மட்டும் தெரியாமல் போன நாள் அது.

அப்பா அவளை மடியில் இருத்திக்கொண்டு சொன்னார். "பிள்ளை, ஒரு மனிசி கடைக்குள்ள வரேக்க ஒரு சீலை வேணுமெண்டு வரும். வெளியில போகேக்க ரெண்டு இல்லாமல் போக ஏலாதெண்டு அதை நினைக்கப் பண்ணுறதுதான் என்ர வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையை ஒருத்தன் என்ர வீட்டுக்குள்ள வந்து என்ர பிள்ளையளுக்குச் செய்யிறான். அதைப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறியே?"

"அப்ப நீங்கள் பொய் சொல்லுறனீங்களோ அப்பா?"

"பொய் இல்லை. வடிவான சீலைதான். ஆனால் அந்த மனிசிக்கு அது தேவையில்லை எண்டும் எனக்குத் தெரியும்."

அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. எங்கள் இரு பக்கத்து வம்சத்திலும் ஒரு பரீட்சை மண்டபத்துக்குள் முதலில் போய் இருந்தவன் நான். பின்னாளில் படித்த பெரிய புத்தகங்கள் சிலவற்றில், மனிதனுக்குள் ஆசையை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று நிறைய எழுதியிருந்தார்கள். அவற்றில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவின் மடியில் இருந்து தங்கச்சி கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கதவு சாத்தியிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எங்கள் வீட்டில் பேச்சு நேரம். செய்தி ஓடும்போது கதைக்கக் கூடாது. விளம்பரம் வந்தால் கதைக்கலாம். ஆகையால் அன்றைய பள்ளிக்கூடக் கதை, கடைக்கு வந்த ஆட்களின் கதை, அம்மா தண்ணீர்ப் பைப்படியில் கேட்ட சண்டை எல்லாவற்றையும் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சுருக்கமாகவும் சுவையாகவும் சொன்னால்தான் முடியும். எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வரும் என்றால் அது அங்கே பழகியது. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்க முடியாத வீடுதான் எங்களுடையது. ஆனால் எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்று நாங்கள் இருவரும் நினைத்ததில்லை. என்னவெல்லாம் இருக்கிறது என்றே பாதி எங்களுக்குத் தெரியாது.

வானொலியை அடியோடு நிறுத்திவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அது முடியாது. அதற்குக் காரணம் மாமி.

அப்பாவின் மூத்த அக்கா வடக்கே உடுவிலில் இருந்தார். தாயும் தகப்பனும் இல்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கலியாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். அப்பா வேலை தேடிக் கொழும்புக்கு வந்த பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். யுத்தத்தால் வடக்குக்குப் போகும் பாதை மூடிக் கிடந்த காலம். தொலைபேசி கிடையாது. கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தால் உண்டு. வந்த கடைசிக் கடிதத்தில், மாமிக்கு நெஞ்சு நோ என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாமிக்கு ஏதும் நடந்தால், அது எங்களுக்குத் தெரிய வரக்கூடிய ஒரே வழி வானொலியில் வாசிக்கிற மரண அறிவித்தல்தான். எங்காவது தகவல் எட்டிய உறவினர் ஒருவர் காசு கட்டி அறிவிப்பார்.

அந்த அறிவித்தல் விளம்பரங்களுக்கு நடுவில்தான் வரும்.

பால்மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் இடையில் திடீரென்று இசை நின்று, ஒரு கனத்த குரல், "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். கதவைச் சாத்தினால் அதுவும் போய்விடும். திறந்து வைத்தால் கடைக்காரன் உள்ளே வந்துவிடுவான். அப்பா கண்டுபிடித்த வழி இதுதான்: குமிழை முழுதாகத் திருப்பாமல், காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு விட்டுவைப்பது. அதற்கு ஒரு காது தேவைப்பட்டது.

"பெரியவன் கேக்கட்டும். அந்த அறிவித்தல் தமிழ் எனக்கு விளங்காது" என்றார் அம்மா. அன்னார், காலஞ்சென்ற, ஏக புத்திரி என்றெல்லாம் வரும் தமிழை விளங்கிக்கொள்ளக் கூடியவன் வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பெட்டிக்குக் காதைக் கொடுத்தபடி குந்தியிருந்தேன். மற்றவர்கள் மூவரும் எனக்குப் பின்னால் கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "இல்லை, ஆரோ வல்வெட்டித்துறை" என்று திரும்பிச் சொல்வேன். அப்பா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

இதில் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லாரையும் விளம்பரத்திலிருந்து காப்பதற்காக, ஒரு பிள்ளை எல்லா விளம்பரத்தையும் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பால்மாவைக் குடித்தால் பிள்ளை உயரும், எந்தத் தைலம் முதுகு நோவுக்கு, எந்த நகைக்கடையில் செய்கூலி இல்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் நான் எனக்குத் தெரியாமலே பிஸ்கட் பாட்டை முணுமுணுக்க, தங்கச்சி அதைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பாடினாள். பாடிவிட்டு, "அப்பா, அந்தக் கிறீம் வைச்ச பிஸ்கட் ஒருக்கால் வாங்குவமே?" என்றாள்.

அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பிழைத்துவிட்டது போல ஒரு பார்வை.

"நீ எழும்பு மோனை. இனி நான் கேக்கிறன்."

"உங்களுக்கு அந்தத் தமிழ்..." என்று அம்மா இழுத்தார்.

"ஊர்ப் பேர் விளங்காதே எனக்கு? எனக்கு இந்தச் சத்தம் பழகினதுதான். நாள் முழுக்க நானே போடுற சத்தம்."

அன்றிலிருந்து, காலையிலிருந்து நின்று நின்று வீங்கிய காலோடு வரும் அப்பா, வானொலி மேசைக்கு முன்னால் முதுகை வளைத்து, காதைப் பெட்டியில் வைத்து, அந்தப் பாட்டுகளையெல்லாம் தனியாகக் கேட்டார். பேச்சு நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு அது போய்விட்டது. நாங்கள் கதைக்கும்போது அவர் முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு தகப்பன் பிள்ளைகளுக்கு எத்தனையோ வாங்கிக் கொடுப்பதைப் பிறகு பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா எங்களுக்கு வராமல் மறித்து வைத்ததைத்தான் நான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மழைக் காலத்தில் ஒரு நாள். ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி பின்னுக்கு எடுக்க முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா காதை இன்னும் இறுக்கமாகப் பெட்டியில் வைத்தார். பிறகு அவரது வலக்கை சுவரைப் பிடித்தது. நாங்கள் கதையை நிறுத்தினோம். அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. வானொலியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அக்கா" என்றார். அவ்வளவுதான்.

அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

ஊரும் பெயரும் சரியாக இருந்ததென்று அப்பா பிறகு சொன்னார். நெஞ்சு நோ என்று கேள்விப்பட்டிருந்ததும் சரியாகப் பொருந்தியது. போய் முகம் பார்க்க வழி இல்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பா முன் அறையில் சும்மா இருந்தார். கோயிலுக்குப் போகவில்லை. மீன், மச்சம் சமைக்கவில்லை. எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது வழக்கம். மாமிக்கு என்ன பிடிக்கும் என்று அம்மா கேட்க, அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, முருங்கையிலை வறை, வாழைக்காய். ஒவ்வொன்றையும் சொல்லும்போது, சின்ன வயதில் மாமி அதைத் தான் சாப்பிடாமல் தனக்கு வைத்த கதையும் வந்தது. அந்த ஒரு கிழமையில்தான் அப்பாவின் பிள்ளைப் பருவம் முழுவதும் எங்களுக்குத் தெரிய வந்தது.

ஊருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் அப்பா. எழுதத் தெரிந்தவன் நான். மாமியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினேன். படித்தவன் எழுதும் கடிதம் அல்லவா, பள்ளிக்கூடத்தில் படித்த அழகான சொல்லெல்லாம் போட்டு எழுதினேன். "எம்மைத் துயரக் கடலில் ஆழ்த்தி" என்று ஒரு வசனமும் இருந்தது. கடைசிக் காலத்தில் அக்காவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று அப்பா சொல்லச் சொன்னதையும் சேர்த்தேன்.

பதில் கடிதம் வரவில்லை. மாதங்கள் போயின.

ஒரு பின்னேரம் ஒழுங்கைக்குள் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மெலிந்த ஒரு மனிசி இறங்கி, மடியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்துவிட்டு, பனையோலை உமல் ஒன்றோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. ஆனால் மூக்கு அப்பாவின் மூக்கு.

"நீதானே அந்தக் கடிதம் எழுதின மருமோன்?"

நான் தலையை ஆட்டினேன்.

"நல்ல எழுத்து. நான் செத்ததை வடிவா எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு மாஸ்டர் வாசிக்க வாசிக்க எனக்கே அழுகை வந்திட்டுது."

குசினிக்குள்ளிருந்து வந்த அம்மா, கையைத் துடைக்க மறந்து, மாவோடு மாமியின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தோளைத் தொட்டார். "மச்சாள்" என்று மட்டும் சொல்லி அவரைக் கட்டிக்கொண்டார்.

"தம்பி அங்க அழுதுகொண்டிருக்கிறானெண்டு எழுதினியள். கடிதம் போட்டால் கிடைக்குமோ கிடையாதோ. ஒருக்கால் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வருவமெண்டு கப்பலுக்குப் பதிஞ்சனான். ஊரை விட்டு வெளிக்கிடுற பாசுக்கு அலைஞ்சதிலதான் இவ்வளவு நாள்." ஊரை விட்டு எங்கும் போயறியாத மனிசி கடலில் வாந்தி எடுத்தபடி திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

அப்பா வேலை முடிந்து வந்தபோது மாமி முன் அறைக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"என்னடா, நான் செத்த துடக்குக் கழிஞ்சுதோ? நான் உள்ள இருக்கலாமோ?" என்றார் மாமி.

அப்பா உள்ளே வந்து, கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, மாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். எங்கள் அப்பா அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். செத்துப்போனார் என்று கேட்ட நாளிலும் அவர் அழவில்லை. மாமி அவர் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு எட்டுச் செலவு செய்தனீங்களோ? என்ன சமைச்சனீங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னார். "பொரிச்ச குழம்பு வைச்சதோ? அப்ப சரி. நாளைக்கு அதையே வையுங்கோ, இந்த முறை நானும் சாப்பிடுறன்."

விஷயம் பிறகு வெளியே வந்தது. செத்தது உடுப்பிட்டியில் ஒரு மனிசி. மாமியின் பெயர்தான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர் அது. அந்த அறிவித்தல் அங்கே மாமிக்கும் கேட்டதாம். லொறிச் சத்தத்தில் "உடு" வரை அப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. மிச்சத்தை அவரது பயம் முடித்து வைத்திருக்கிறது.

"நான் கேட்டிருந்தால் பிழைச்சிருக்காது" என்றேன் நான்.

"நீ கேட்டிருந்தாலும் உடு எண்டதும் நெஞ்சு அடைச்சிருக்கும்" என்றார் அம்மா.

மாமிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "றேடியோவைச் சத்தமா வைச்சுக் கேக்கிறதுக்கென்னடா? அதுக்கும் கொழும்பில காசோ?"

அப்பா தயங்கித் தயங்கிக் கதவு விஷயத்தைச் சொன்னார். தங்கச்சியிடம் சொன்ன அளவுக்கு அக்காவிடம் தெளிவாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லதுதான். பிள்ளையள் ஒண்டையும் நச்சரிக்கேல்லை எண்டு நானும் பாத்தனான்" என்றார். பிறகு, "ஆனால் எனக்கு அந்தப் பாட்டுகளைக் கேக்க வேணும்" என்றார்.

"என்ன பாட்டு அக்கா?"

"பிஸ்கட் பாட்டு. சவுக்காரப் பாட்டு." மாமி கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க கறண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயர் கொழுவி, பக்கத்து வீட்டுப் பெடியள் பெடலைச் சுத்துவாங்கள். செய்தி முடிஞ்சதும் கை நோகுதெண்டு விடப் பாப்பாங்கள். நான் விடேல்லை. இன்னும் கொஞ்சம் சுத்தடா, பிஸ்கட் வரும் எண்டுவன். சவுக்காரம் இல்லாமல் பனங்காயில துவைச்சுக்கொண்டிருந்தனாங்கள். அந்தப் பாட்டைக் கேட்டால், சரி, உதெல்லாம் எங்கயோ இன்னும் இருக்குத்தான் எண்டு ஒரு ஆறுதல்."

அப்பா எழுந்து போய் வானொலியைப் போட்டார். குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருப்பினார். பால்மாவும் தைலமும் நகைக்கடையும் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாக முழுச் சத்தத்தோடு வந்தன. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிஸ்கட் பாட்டு வந்தபோது தங்கச்சியும் மாமியும் சேர்ந்து பாடினார்கள். இருவருக்கும் சொற்கள் பிழை. சரியான சொல் எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தேன். அப்பா குமிழைத் தொடவில்லை.

எங்கள் வீட்டுச் சட்டம் அன்றோடு போய்விடவில்லை. மாமி இருந்த நாட்களுக்கு மட்டும் அது அவருக்காக வழிவிட்டது. அப்பா தன் கொள்கையைப் பெரிதாக நினைத்திருந்தால் வழிவிட்டிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அவருக்குப் பிள்ளைகள் பெரிது, அக்கா பெரிது. கொள்கை அதற்குப் பிறகுதான்.

வடக்கிலிருந்து வந்து தங்குபவரைப் பொலிசில் பதிய வேண்டும் என்பதால், மறுநாள் மாமியோடு அங்கே போனோம். என்ன காரணத்துக்கு வந்தது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா மொழிபெயர்த்தார். "செத்தனான், சாகேல்லையெண்டு காட்ட வந்தனான் எண்டு சொல்லு" என்றார் மாமி. தம்பியைப் பார்க்க என்று அப்பா சிங்களத்தில் சொன்னார்.

அங்கிருந்து கடைக்குப் போக வேண்டும் என்றார் மாமி. தம்பி என்ன வேலை செய்கிறான் என்று பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டாராம். முதலாளி பெரிய மனது பண்ணி, கடையில் ஆட்கள் குறைவாக இருந்த நேரத்தில், மாமியை வெள்ளை விரிப்புக்கு முன்னால் மர வாங்கில் இருத்தினார். நானும் தங்கச்சியும் பக்கத்தில் நின்றோம். அப்பா சேலை விற்பதை நாங்களும் அதுவரை பார்த்ததில்லை.

அப்பா முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஒரு சேலையை எடுத்து, ஒரே உதறலில் விரிப்பு முழுவதும் ஓடவிட்டார். அடுத்தது. அதற்கு அடுத்தது. கை மட்டும் தனியாக வேலை செய்தது. "அக்கா, உங்கட நிறத்துக்கு இதுதான் எடுப்பு" என்றார், கடைக் குரலில்.

"பொய்யடா. நான் கறுப்பி" என்றார் மாமி.

"கறுப்புக்குத்தான் மாம்பழ மஞ்சள் எடுப்பு. ஒருக்கால் தோளில போட்டுப் பாருங்கோ. வாங்க வேணுமெண்டில்லை."

மாமி சிரித்துக்கொண்டே போட்டார். உண்மையாகவே எடுப்பாக இருந்தது. கப்பலில் வந்த களைப்புப் போய், முகம் வேறு மாதிரி ஆனது. அப்பா தலைப்பைச் சரிசெய்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். அது வாடிக்கைக்காரரைப் பார்க்கும் பார்வை இல்லை. வேலை செய்யவும் மறந்துபோய் நின்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்திருந்த ஒரு நோனா, மாமியைச் சுட்டிக் காட்டி, அந்த அம்மா போட்டிருக்கிற சேலைதான் தனக்கு வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். வேறு எடுத்துக் காட்டுகிறேன் என்றார் அப்பா. அந்த நோனா கேட்கவில்லை. அதுவேதான் வேண்டுமாம்.

"என்னவாமடா?" என்றார் மாமி.

"உங்களில இருக்கிறது வேணுமாம்."

மாமி சேலையைத் தோளிலிருந்து எடுத்து, பக்குவமாக மடித்து, தானே அந்த நோனாவின் கையில் கொடுத்தார். பணம் கட்டி, கடதாசிப் பையோடு நோனா வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அப்ப நான் வித்திட்டனோ?"

அப்பா விரிப்பில் கிடந்த சேலைகளுக்கு நடுவில் அப்படியே இருந்துவிட்டார். சிரித்து முடியவில்லை அவருக்கு.